சிறை வாயிலில் ஒரு சீட்டு

நம் ஊர்களில் நாடகம் என்பது திரை விலகும் நேரத்தில் தொடங்குவதில்லை. சுவரொட்டி ஒட்டிய அன்றே அது தொடங்கிவிடுகிறது. திருவிழாவின் எட்டாம் நாள் இரவு புதிய நாடகம் என்று கோவில் மதிலில் ஒரு தாள் ஒட்டப்பட்டால் போதும். கிணற்றடியிலும் கடைத்தெருவிலும் அதே பேச்சுத்தான். அரசன் வேடம் யாருக்கு, கோமாளியாக வருபவர் யார், சென்ற ஆண்டு வசனம் மறந்து நின்றவருக்கு இவ்வாண்டும் வேடம் உண்டா என்றெல்லாம் விசாரணை நடக்கும். அன்று மாலை ஐந்து மணிக்கே சிறுவர்கள் பாயையும் சாக்கையும் விரித்து முன்னிடம் பிடித்துவிடுவார்கள். ஒப்பனைக் கொட்டகையின் ஓலை இடுக்கில் கண் வைத்துப் பார்த்து, விரட்டு வாங்கி, மீண்டும் அங்கேயே போய் நிற்பார்கள். அந்தக் காத்திருத்தலின் இன்பம் நாடகத்தின் இன்பத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று என்பதை நம்முள் வயது முதிர்ந்தோர் நன்கு அறிவர்.

அத்தகைய எதிர்பார்ப்போடு ஒரு சிற்றரங்கின் வாயிலில் மக்கள் கூடிய ஓர் இரவைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம். ஊர், அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளின். நாள், 1954-ஆம் ஆண்டு நவம்பர் 19. அன்று அங்கே முதன்முறையாக மேடையேறிய நாடகத்தில் கதைத்தலைவன் ஒருமுறைகூட மேடைக்கு வருவதில்லை. அவன் வருவான் வருவான் என்று காத்திருந்தவர்கள், வேறெதையோ கண்டு வீடு திரும்பினார்கள். நாம் அவ்வரங்கில் அமர்ந்து பார்த்தவர்கள் அல்லோம். ஆயினும் அந்நாடகம் அச்சில் இருக்கிறது. அது பிறந்த வரலாறும் பதிவாகி இருக்கிறது. அவ்விரண்டின் துணையோடு, வாசகர்களையும் அழைத்துக்கொண்டு, அந்த வரிசையில் சற்று நேரம் சென்று நிற்போம்.

வண்டிக் கொட்டகையில் ஓர் அரங்கு

ஹெர்பர்ட் சந்து என்பது டப்ளின் நகரில் பெரிய வீடுகளின் பின்புறமாகச் செல்லும் ஒரு குறுகிய பாதை. குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் செல்வர்களின் வண்டிகள் அங்கிருந்த கொட்டகைகளில் நிறுத்தப்பட்டன. அவற்றுள் ஒன்றைத்தான் ஆலன் சிம்ப்சன் என்பவரும் அவர் மனைவி கரோலின் சுவிஃப்டும் நாடக அரங்காக மாற்றினார்கள். சிம்ப்சன் அயர்லாந்துப் படையில் அதிகாரியாகப் பணியாற்றி வந்தவர். கணவனும் மனைவியும் ஆசைக்குத் தக்க பணம் இல்லாதவர்கள். ஆனால் பணத்துக்காகக் காத்திருக்க மனமும் இல்லாதவர்கள். அவர்கள் எழுப்பிய அரங்கில் இருக்கைகள் ஏறத்தாழ 55 மட்டுமே. நம் பங்குப் பள்ளியின் ஒரு வகுப்பறையில் அமரும் பிள்ளைகளின் தொகைதான்!

அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பைக்'. 1798-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் அயர்லாந்து உழவர்கள் கையில் ஏந்திய நீண்ட ஈட்டியின் பெயர் அது. பெயரிலேயே அவர்கள் நோக்கம் விளங்கும். 1953-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவ்வரங்கு திறக்கப்பட்டபோது முதலில் நடிக்கப்பட்டது, கத்தோலிக்க எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் எழுதி வைத்துவிட்டுப் போன 'வியப்பு' என்னும் நாடகம்.

அந்நகரில் நாடகத்துக்குப் பஞ்சமில்லை. 1904-இல் தொடங்கிய புகழ்வாய்ந்த ஆபி நாடக மன்றம் அங்கே இருந்தது. 1951-இல் அதன் கட்டடம் தீக்கிரையானபின், வேறோர் அரங்கில் அது தன் நாடகங்களை நடத்தி வந்தது. எழுதத் தெரிந்த அயர்லாந்து இளைஞன் ஒவ்வொருவனும் தன் கையெழுத்துப்படியை முதலில் ஆபிக்குத்தான் அனுப்புவான். பிரெண்டன் பீஹன் என்பவரும் அவ்வாறே அனுப்பினார். அது வேண்டாமென்று திரும்பி வந்தது. அவ்வாறு திருப்பப்பட்ட நாடகம்தான் ஈராண்டுகூட நிறையாத இந்த வண்டிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

சுவருக்கு வண்ணம் பூசியவர்

பீஹன் 1923-இல் டப்ளினில் பிறந்தவர். தந்தையைப் போலவே அவரும் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. அயர்லாந்து நாட்டுப் பண்ணை இயற்றிய பீடர் கர்னி அவருக்குத் தாய்மாமன். அரசியல் தீவிரம் அக்குடும்பத்தின் இரத்தத்திலேயே ஊறியிருந்தது. பதினாறு வயதில், 1939-ஆம் ஆண்டு இறுதியில், வெடிமருந்தோடு இங்கிலாந்து சென்று லிவர்ப்பூல் நகரில் பிடிபட்டார். சிறுவர் சீர்திருத்தச் சிறையிலிருந்து விடுபட்டு ஊர் திரும்பியவர், 1942-இல் காவலரை நோக்கிச் சுட்ட குற்றத்துக்காகப் பதினான்கு ஆண்டுத் தண்டனை பெற்றார். 1946 இறுதியில் பொதுமன்னிப்பில் விடுதலையானார்.

அத்தண்டனைக் காலத்தின் ஒரு பகுதி டப்ளினின் மவுண்ட்ஜாய் சிறையில் கழிந்தது. அங்கே அவர் இருந்த நாள்களில், உடன்பிறந்தவனைக் கொன்ற ஒருவன் தூக்குக்குக் காத்திருந்தான். 1943-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் அவன் தூக்கிலிடப்பட்டான். ஒரு சிறையில் ஒருவன் தூக்குக்குக் காத்திருக்கையில் அச்சிறை முழுவதும் எவ்வாறு மூச்சு விடுகிறது என்பதைப் பீஹன் உள்ளிருந்தே கண்டார். பத்தாண்டுகளுக்கு மேல் அதை மனத்தில் சுமந்து திரிந்தார். நாடகம் பிறந்தது அங்கிருந்துதான்.

அவர் முதலில் வைத்த தலைப்பு 'மற்றுமொரு கயிறு திரித்தல்' என்ற பொருளுடையது. டக்ளஸ் ஹைடு என்னும் அறிஞர் 1901-இல் ஐரிஷ் மொழியில் எழுதிய 'கயிறு திரித்தல்' என்னும் நாடகத்தை நினைவூட்டும் கசப்பான வேடிக்கை அது. பைக் அரங்கத்தார் அத்தலைப்பை நீக்கி, 'தி குவேர் ஃபெல்லோ' என்று பெயரிட்டார்கள். தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டவனைச் சிறைக்குள் அவ்வாறுதான் குறிப்பிடுவார்களாம். நம் பேச்சில் 'அந்த ஆசாமி' என்று சொல்வோமே, அதற்கு ஒப்பானது. பெயர் சொல்ல நாக்கு கூசும்போது நாமும் 'அந்த ஆள்' என்றுதானே சொல்கிறோம்? கரோலின் சுவிஃப்ட் கையெழுத்துப்படியைச் செப்பம் செய்ய, சிம்ப்சன் இயக்கினார்.

கூடியிருந்தோரின் எதிர்பார்ப்பு

அந்த நவம்பர் இரவில் அரங்கத்துக்கு வந்தவர்கள் எதை எதிர்பார்த்து வந்திருப்பார்கள்? ஒன்றை நாம் மறத்தலாகாது. அதே ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், அதே நகரில், அதே மவுண்ட்ஜாய் சிறையில், இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டிருந்தான். முதல் காட்சிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஏழு மாதங்கள். அயர்லாந்தில் தூக்கிலிடப்பட்ட கடைசி மனிதன் அவனே என்பது இன்று வரலாறு. அன்று அதை யாரும் அறியார். அடுத்து எப்போது, யார் என்பதே அன்றைய நிலை.

சொந்த நாட்டில் தூக்கிடுவோன் இல்லாத அயர்லாந்து அதற்காக இங்கிலாந்திலிருந்து ஆளை வரவழைத்து வந்தது. வருபவர் ஆல்பர்ட் பியர்பாயிண்ட். தம் ஊரில் மதுக்கடை நடத்தியவர். இரவில் கப்பலேறி வந்து, காலையில் வேலையை முடித்து, திரும்பி விடுவார். சிறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டப்படும். சட்டப்படி தண்டனை நிறைவேற்றப்பட்டது என்பது அதன் சாரம். நகரத்து மக்களுக்குத் தெரிவிக்கப்படுவது அவ்வளவே. அரங்கத்தின் சுவரொட்டியைப் படித்து நாடகத்துக்கு வந்தவர்களுள் எத்தனையோ பேர் ஏழு மாதங்களுக்கு முன் அந்தச் சீட்டின் செய்தியையும் படித்திருப்பார்கள். படித்துவிட்டு நாளிதழின் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

ஆகவே, மேடையில் கொலைகாரனைக் காட்டுவார்கள், அவன் கதறுவான், அல்லது குற்றமற்றவன் என்று இறுதியில் தெரியவரும், நாமும் கண்ணீர் சிந்திவிட்டுப் போகலாம் என்று எண்ணி வந்தவர்கள் இருந்திருந்தால் அதில் வியப்பில்லை. தூக்கு மேடையைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் அப்படித்தானே இருக்கின்றன?

திரைக்கு அப்பால்

விளக்கு ஏறும்போது நாம் காண்பது சிறையின் ஒரு பகுதி. சுவரில் பழங்காலத்துப் பெரிய எழுத்துகளில் 'அமைதி' என்று எழுதியிருக்கிறது. எங்கோ தண்டனைக் கொட்டடிக்குள்ளிருந்து ஒரு கைதி பாடும் குரல் கேட்கிறது. கைதிகளை எழுப்பத் தட்டப்படும் இரும்பு முக்கோணத்தைப் பற்றிய பாடல் அது. அமைதி என்று எழுதிய சுவருக்கு முன்னால் நாடகம் பாட்டோடு தொடங்குகிறது.

பின்பு வருகின்றன, ஒன்றன்பின் ஒன்றாகச் சிரிப்பூட்டும் காட்சிகள். ஆம், சிரிப்புத்தான். டன்லவின் என்னும் கிழக்கைதிக்குக் காலில் வாதம். சிறைக்காவலர் ரீகன் குனிந்து எரிசாராயத்தை அவன் காலில் தேய்த்துவிடும் வேளையில், கிழவன் மருந்துப் புட்டியையே எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிடுகிறான். சிறையில் கொடுக்கும் வேதாகமத்தின் மெல்லிய தாளைப் புகைச்சுருளுக்குக் கிழித்த பழைய கதையும் இடையே வருகிறது. மேலிடத்திலிருந்து சோதனைக்கு வரும் ஹீலி என்னும் அலுவலர் பக்தி நிறைந்தவர். ஆனால் அவர் பக்திக்கும் தம் எதிரே நிற்கும் மனிதனுக்கும் இடையே ஒரு மேசை அகலம் எப்போதும் இருக்கிறது.

இந்தச் சிரிப்பின் நடுவேதான் செய்தி மெல்ல மெல்லக் கசிகிறது. தூக்குக்குரியவர்கள் இருவர். ஒருவன் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியால் மனைவியைக் கொன்றவன்; அவனுக்குக் கருணை கிடைத்து, தூக்கு வாழ்நாள் சிறையாகக் குறைக்கப்பட்டுவிட்டது. மற்றவன், தன் உடன்பிறந்தவனைக் கொன்று உடலையும் சிதைத்தவன். அவனுக்குக் கருணை இல்லை. அவன்தான் 'அந்த ஆசாமி'. நாளைக் காலை அவனுக்கு முடிவு.

உயிர் பிழைத்தவன் மகிழ்ந்தானா? வாழ்நாள் முழுவதும் இச்சுவர்களுக்குள்ளே என்று உணர்ந்த அவன், தன் அறையில் தானே தூக்குப் போட்டுக்கொள்கிறான். காவலர் ஓடிவந்து அறுத்து இறக்குகிறார்கள். சட்டம் கொல்ல வேண்டாமென்று விட்டவன் தானே சாக முயல்கிறான். சட்டம் கொல்லப் போகிறவனோ நல்ல உணவு உண்டு, காவலரோடு பொழுது போக்குகிறான். பீஹன் இதற்கு விளக்கம் ஏதும் கூறவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

இரண்டாம் அங்கத்தில் சிறை முற்றம். அங்கே ஒரு குழி பாதி தோண்டப்பட்டிருக்கிறது. தோண்டுகிறவர்களும் கைதிகளே. கடைசி நேரத்தில் கருணை வருமா வராதா என்று அவர்கள் பந்தயம் கட்டுகிறார்கள். பந்தயப் பொருள், ஞாயிற்றுக்கிழமை தங்களுக்குக் கிடைக்கும் பன்றி இறைச்சித் துண்டு! ஒரு மனிதனின் உயிர் ஓர் இறைச்சித் துண்டின் எடையில் நிறுக்கப்படுகிறது. கேட்டு நாம் நகைக்கிறோம். நகைத்தபின் நெஞ்சில் எதுவோ உறுத்துகிறது.

இங்கிலாந்திலிருந்து வரும் தூக்கிடுவோனோ மதுமயக்கத்தில் வந்து சேர்கிறான். உடன்வந்த உதவியாள் பக்தி மிகுந்தவன். அவன் ஞானப்பாடல் பாடிக்கொண்டிருக்க, தலைவன் கைதியின் எடைக்குத் தக்கபடி கயிற்றின் நீளத்தைக் கணக்குப் போடுகிறான். பாடலும் கணக்கும் ஒன்றோடொன்று பின்னி வருகின்றன. இந்நாடகத்தில் நம்மைப் போன்ற சமயப் பற்றுள்ளவர்களை மிகவும் தலைகுனிய வைக்கும் இடம் இதுவேயாகும்.

இவ்வளவும் நடக்கிறது, 'அந்த ஆசாமி' மட்டும் வரவில்லை. அவனுக்கு உணவு போகிறது. அவன் நலம் விசாரிக்கப்படுகிறது. அவனுக்குக் குழி வெட்டப்படுகிறது. அவன் குரல்கூட நமக்குக் கேட்பதில்லை.

ரீகனின் கேள்வி

மேடையில் நாம் நேசிக்கத் தொடங்கும் மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் காவலர் ரீகன்தான். அவர் கத்தோலிக்கர்; பலர் தூக்கில் தொங்குவதை அருகே நின்று கண்டவர்; தம் பணியை ஒழுங்காகச் செய்கிறவர். அதனாலேயே அவருக்குத் தூக்கம் இல்லை. கழுத்து எப்படி முறிகிறது என்பதைப் புத்தகத்தில் படித்தவர்கள் பேசலாம். அவர் கண்ணால் கண்டவர். 'அந்த ஆசாமி'யோ, தன் கடைசி நேரத்தில் இவரே பக்கத்தில் இருக்க வேண்டுமென்று கேட்டிருக்கிறான்.

இரவில் மேலதிகாரியோடு பேசும்போது ரீகன் கூறும் கருத்தொன்று இந்நாடகத்தின் திறவுகோல் என்று நாம் கருதுகிறோம். டப்ளினில் குரோக் பார்க் என்னும் மாபெரும் விளையாட்டுத் திடல் உள்ளது. பல்லாயிரவர் கூடும் இடம். இந்தத் தூக்கை அங்கே கொண்டுபோய் நடத்தலாமே என்கிறார் ரீகன். செலவு மக்களின் வரிப்பணம். நடப்பதற்கு இசைவு தந்தவர்களும் அவர்களே. கொடுத்த காசுக்குச் சிறைக் கதவில் ஒட்டும் துண்டுச் சீட்டைவிடச் சற்று அதிகமாக அவர்கள் பார்க்கட்டுமே என்பது அவர் வாதம்.

மேலதிகாரிக்கு இப்பேச்சு பிடிக்கவில்லை. நமக்கோ மெய்சிலிர்க்கிறது. ஏனெனில் ரீகன் கேட்டது அந்தக் கணத்தில் நிறைவேறிக்கொண்டிருக்கிறது. திடலில் அன்று; 55 பேர் அமர்ந்த வண்டிக் கொட்டகையில். பெரிய அரங்குகளில் பின்வரிசையில் அமர்ந்தால் மேடை எங்கோ தொலைவில் இருக்கும். நாம் வேடிக்கை பார்ப்பவர்களாகவே இருந்துவிடலாம். பைக் அரங்கத்திலோ நடிகர் மூச்சு வாங்குவது கடைசி வரிசைக்கும் கேட்கும். இருபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் நெருக்கியடிக்கும் அச்சிறு மேடைக்கும் பார்ப்பவர்களுக்கும் இடையே தள்ளி நிற்க இடமே இல்லை. சிறையின் நெருக்கம் அரங்கத்தின் நெருக்கமாகவே ஆகிவிட்டது.

விடியற்காலை

மூன்றாம் அங்கம் இரவில் தொடங்கி விடியலில் முடிகிறது. இளங்காவலர் கிரிமினும் ஓர் இளங்கைதியும் தங்கள் தாய்மொழியாகிய ஐரிஷ் மொழியில் மெதுவாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒருவன் காவலன், மற்றவன் கைதி. ஆயினும் ஊர்ப்பேச்சு இருவரையும் சற்று நேரம் உறவினராக்கிவிடுகிறது. அந்த இளங்காவலர்தான் சிறிது நேரத்தில் தூக்கு நடக்கும் இடத்தில் நிற்க வேண்டியவர்.

நேரம் வருகிறது. தூக்கு நடப்பதை நாம் காண்பதில்லை. மிக்சர் என்னும் கைதி, குதிரைப் பந்தயத்தை வானொலியில் வருணிப்பதைப் போல அதைக் கூவி அறிவிக்கிறான்: யார் முன்னே வருகிறார், யார் பின்னே, நடுவில் யார் என்று. பிறகு மணியோசை. சிறை முழுவதிலிருந்தும் கைதிகளின் ஓலம் எழுகிறது. சொல்லற்ற, விலங்கின் ஓலம். நேற்று இறைச்சித் துண்டுக்குப் பந்தயம் கட்டியவர்களின் தொண்டையிலிருந்து அந்த ஓலம் வருகிறது. ஒருவன் கொல்லப்படும்போது தங்களிலும் ஏதோ ஒன்று கொல்லப்படுவதை அவர்கள் உடல் அறிந்திருக்கிறது.

முடிவு இன்னும் கொடியது. குழி மூடப்படுகிறது. அவனுக்குக் கல்லில் பெயர் இல்லை. கைதி எண் மட்டும். அந்த எண்ணிலும் ஓர் இலக்கம் தவறு. கடைசி இலக்கம் ஒன்பது. ஆனால் ஏழைச் செதுக்குவது எளிது என்பதால் ஏழாகவே விட்டுவிடுகிறார்கள். அவன் எழுதி வைத்த கடிதங்கள் குழியில் போடப்படுகின்றன. கைதிகளோ அவற்றை எடுத்துக்கொள்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளுக்கு விற்பதற்காக. யாருக்கு எழுதினான், என்ன எழுதினான் என்று நாம் அறிய முடிவதில்லை. பாட்டு மீண்டும் கேட்கிறது. நாடகம் முடிகிறது.

எதைக் கண்டோம்?

'அந்த ஆசாமி'யைக் காண வந்தோம், காணவில்லை. அவனுக்குப் பதிலாக யாரைக் கண்டோம்? சமைத்தவன், குழி வெட்டியவன், பந்தயம் கட்டியவன், கணக்குப் போட்டவன், பாடியவன், கையெழுத்திட்டவர், கதவைப் பூட்டியவர், தூக்கமின்றித் தவித்தவர், இவர்களைக் கண்டோம். ஒரு மனிதனைத் தூக்கிலிட ஒரு கயிறு போதாது, இத்தனை பேர் வேண்டும் என்பதைக் கண்டோம். இவர்கள் யாவரும் நம் பெயரால், நம் பணத்தால் அமர்த்தப்பட்டவர்கள் என்பதையும் கண்டோம்.

மற்றொன்றையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். பீஹன் குற்றமற்ற ஒருவனைத் தேர்ந்துகொள்ளவில்லை. தவறாகத் தண்டிக்கப்பட்டவனுக்காக அழுவது எளிது. இவனோ உடன்பிறந்தவனையே கொன்று சிதைத்தவன். அவன் குற்றத்தை நாடகம் ஓரிடத்திலும் மறைக்கவில்லை, குறைக்கவும் இல்லை. அவன் நல்லவனா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. அவனைக் கொல்லும்போது நாம் என்ன ஆகிறோம் என்பதே கேள்வி.

அந்நாடகம் பாராட்டைப் பெற்றது. எனினும் அத்தனை நடிகர்களை வைத்துக்கொண்டு 55 இருக்கைகளால் என்ன பொருள் ஈட்ட முடியும்? 1956-ஆம் ஆண்டு மே 24 அன்று இலண்டன் மாநகரின் ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியில், ஜோன் லிட்டில்வுட் அம்மையார் அதனை அரங்கேற்றினார். பீஹனின் பெயர் உலகறிந்தது அதன்பின்னரே. முன்பு மறுத்த ஆபி மன்றமும் அதே ஆண்டில் அதை மேடையேற்றியது. அவ்வேளையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தூக்குத் தண்டனையை ஒழிப்பது பற்றிக் கடும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. 1957-இல் அங்கே சட்டம் அதைக் குறுக்கியது. 1965-இல் கொலைக்குத் தூக்கு நிறுத்தி வைக்கப்பட்டு, 1969-இல் நிலையாக நீங்கியது. அயர்லாந்து 1964-இல் பெரும்பாலான குற்றங்களுக்கும், 1990-இல் முற்றிலுமாகவும் மரண தண்டனையை நீக்கியது. 2001-இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியாக அரசியலமைப்பிலேயே அதற்குத் தடை விதித்தது. ஒரு நாடகமே இவற்றையெல்லாம் செய்தது என்று கூறினால் அது மிகையாகும். ஆயினும் கதவில் ஒட்டிய சீட்டோடு நின்றுவிடாமல் கதவுக்கு அப்பால் பார்க்க மக்களைப் பழக்கியவற்றுள் அதுவும் ஒன்று.

அதை முதலில் துணிந்து நடத்தியவர்களின் கதை அவ்வளவு இனிதாக முடியவில்லை. அடுத்த ஆண்டு அதே சிற்றரங்கில் சாமுவேல் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' அயர்லாந்திலேயே முதன்முறையாக நடிக்கப்பட்டது. ஆனால் 1957-இல் அவர்கள் நடத்திய வேறொரு நாடகம் ஒழுக்கக்கேடானது என்று குற்றம் சாட்டப்பட்டு, சிம்ப்சன் கைது செய்யப்பட்டார். சிறைக்கதையை இயக்கியவர் தாமே ஓர் இரவைக் காவற்கூடத்தில் கழித்தார். 1958-இல் வழக்குத் தள்ளுபடியானது. அதற்குள் வழக்குச் செலவு அவர்களை நசுக்கிவிட்டது. அரங்கம் அதன்பின் தலைதூக்கவில்லை. பீஹன் குடிக்கு அடிமையாகி, 1964-இல் நாற்பத்தொரு வயதில் மறைந்தார்.

நம் வாயிலில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியச் சட்டத்தில் தூக்குத் தண்டனை இன்றும் இருக்கிறது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2015-இல் சட்ட ஆணையம், பயங்கரவாதக் குற்றங்கள் தவிர ஏனையவற்றுக்கு அதை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2018-இல் திருத்தந்தை பிரான்சிசு செய்த மாற்றத்தின்படி, மரண தண்டனையை ஏற்க இயலாதது என்று கற்பிக்கிறது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 20 அதிகாலையில் தில்லித் திகார் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் 2012-இல் ஓர் இளம்பெண்ணுக்கு இழைத்த கொடுமையை நினைத்தால் இன்றும் நம் நெஞ்சம் பதறும். அவளுடைய பெற்றோரின் துயரத்தை அளக்க நமக்குத் தகுதி இல்லை. அவர்கள் நீதி கேட்டதைக் குறைகூறவும் நமக்கு வாய் இல்லை. ஆயினும் அன்று விடியற்காலையில் சிறை வாயிலில் கூடியிருந்த கூட்டத்தில் இனிப்பு வழங்கப்பட்டதே, அப்போது நம் இல்லங்களில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த நாம் என்ன செய்தோம்? பிள்ளைகள் நம் முகத்தை நோக்கியபோது அதில் எதைக் கண்டார்கள்? இதற்கு விடை ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் தேட வேண்டியது.

சிறையிலிருப்போரைச் சென்று காண்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். நம்முள் எத்தனை பேர் சிறையின் கதவைத் தாண்டிச் சென்றிருக்கிறோம்? மிகச் சிலரே. அவ்வாறு செல்ல இயலாதவர்களைத்தான் ஒரு வண்டிக் கொட்டகை அன்றிரவு உள்ளே அழைத்துச் சென்றது.

வரும் திருவிழாவுக்கு நம் பங்கு இளைஞர்கள் புதிய நாடகம் ஒன்று எழுதியிருக்கிறோம் என்று வந்து நிற்கக்கூடும். மேடை சிறிது, பணம் இல்லை, பெரியவர்கள் வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள் என்று முறையிடவும் கூடும். அவர்களுக்கு அரைமணி நேரம் கொடுத்து, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்போம். பிறகு மதிலில் சுவரொட்டி ஒட்டட்டும்; நாமும் ஐந்து மணிக்கே பாய் விரித்துவிடுவோம்.